எண்ணூர் கழிமுகத்துக்கு எது தேவலை: ஓடிப்போகும் வெந்நீரா, கூலிங் டவரா, கடலடிக் குழாயா?

நீர்மின் அணையால் ஆற்றின் வெப்பநிலை கெட்டால் அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. கலிபோர்னியாவின் சாஸ்தா அணையில், வெவ்வேறு ஆழத்திலிருந்து நீரை எடுத்துவிடும் அமைப்பை 1997ல் பொருத்தினார்கள். நீர்த்தேக்கத்தின் அடியில் குளிர்ந்த நீர் கிடப்பதால், சால்மன் மீன்களுக்கு ஏற்ற வெப்பநிலையில் ஆற்றுக்கு நீர் விட முடிகிறது. எண்ணூரில் அப்படிக் குளிர்ந்த நீர் எங்கும் இல்லை. அனல் மின் நிலையம் கழிக்கும் சூடு நீருக்குப் போக வேண்டும், இல்லையேல் காற்றுக்குப் போக வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று. கடல்நீரை எடுத்து, டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டன்சர் வழியாக ஒரே தடவை ஓட்டி, வெந்நீராகக் கழிமுகத்தில் விடும் முறை இது. ஒரு அலகு முழுச் சுமையில் ஓடும்போது சுமார் 280 மெகாவாட் அளவு வெப்பம் கண்டன்சரில் இறங்கும். நீர் 10 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால் விநாடிக்கு 7 கன மீட்டர் நீர் வேண்டும். மூன்று அலகுக்கும் 21 கன மீட்டர். பூண்டி அணைக்குக் கீழே கோடையில் கொசஸ்தலையாறு அந்த அளவு நீரைக் கண்ணில் காட்டாது. அதாவது, மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் கழிமுகத்துக்குள் வரும் பெரிய ‘ஆறு’ இந்த வெந்நீர்தான்.

செலவில் இதை எதுவும் வெல்ல முடியாது: பம்ப், கால்வாய், முடிந்தது. கெடுதல் இரண்டு இடத்தில் நடக்கிறது. எடுக்கும் இடத்தில், நீரோடு உள்ளே போகும் மீன் முட்டையும் இறால் குஞ்சும் சூட்டாலும் குளோரினாலும் சாகின்றன. குழாயில் மட்டியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கக் குளோரின் போட்டே ஆக வேண்டும். விடும் இடத்தில், வெந்நீர் லேசானதால் மேலே படர்கிறது. 30 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.2 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 37 டிகிரியில் 5.5 அளவுக்குக் குறையும். அதே நேரம் சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவை கூடும்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதம் ஏறும்போது முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஆழமில்லாத இடங்களில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் முட்டையிட இதே வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன. பறியை (பிடித்ததைப் போடும் ஓலைக்கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் அமர்ந்து கையால் இறால் தடவுபவர்களின் பிழைப்பு அந்த ஆழமில்லாத நீரில்தான். மே மாத மதியத்தில் அது தானாகவே 32, 33 டிகிரிக்கு ஏறிவிடும். அதன்மேல் இன்னும் சில டிகிரி என்றால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமே இருக்காது.

கூலிங் டவர் என்பது வெந்நீரைக் காற்றில் ஆற்றும் கோபுரம்; அதில் அதே நீர் சுற்றிச் சுற்றி வரும். ஒரு 210 மெகாவாட் அலகுக்கு மணிக்குச் சுமார் 320 டன் ஆவியாகும். கடல்நீர் என்பதால் உப்பை 1.3 மடங்குக்கு மேல் ஏறவிடாமல் வைத்தால் மணிக்கு 1,070 டன் வெளியே விட்டு, 1,400 டன் புதிதாக எடுக்க வேண்டும். ஒருமுறை ஓட்டத்துக்கு மணிக்கு 25,000 டன். உள்ளே இழுபடும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். எங்கள் பார்வையில் வெப்பநிலையைவிட இதுவே பெரிய லாபம். வெளியே விடும் நீரை டவரின் அடித்தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். கண்டன்சரிலிருந்து வரும் சூடான குழாயில் வால்வு வைத்து எடுத்தால் பாதிப் பயன் போய்விடும். குறைகளும் உண்டு: சென்னையின் ஈரக்காற்றில் நீர் 32 டிகிரிக்குக் கீழே இறங்காது, கண்டன்சருக்குள் இருக்க வேண்டிய வெற்றிடம் குறையும், அதனால் அதே மின்சாரத்துக்கு நிலக்கரி சற்றுக் கூடுதலாக எரியும். துளி தடுக்கும் தகடுகள் உடைந்தால் உப்புத் தூறல் பக்கத்துக் குப்பத்துக் கூரைத் தகரத்தை அரிக்கும்.

கடலடிக் குழாய் நடுவழி. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் பல துவாரங்கள் வழியே வெந்நீரைப் பீய்ச்சினால் 10 மடங்கு கலந்து, 10 டிகிரி உயர்வு 1 டிகிரி ஆகும். கழிமுகம் தப்பிக்கும். ஆனால் நீர் எடுக்கும் அளவு துளியும் குறையாது. துவாரங்களை மணல் மூடும், வலை மாட்டும். நீண்ட திறந்த கால்வாயில் ஆறவிடலாம் என்பவர்களுக்கு: ஒரு அலகின் நீரை ஒரே ஒரு டிகிரி ஆற்றவே ஏறக்குறைய 8 ஹெக்டேர் நீர்ப்பரப்பு வேண்டும்.

சட்டத்தை நம்பி உட்கார முடியாது. 1999 ஜூன் 1க்குப் பின் வந்த கடலோர நிலையங்களுக்கு, ஏற்கும் நீரில் 7 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது என்று விதி. அதற்கு முந்தையவற்றுக்கு, கண்டன்சரின் உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையே 10 டிகிரி. ஆற்றில் என்ன ஆகிறது என்று அந்த விதி கேட்பதே இல்லை. ஆகவே அளப்பதைக் கழிமுகத்திலேயே செய்ய வேண்டும்: விடியுமுன், வற்றத்தின் (ஓதம் இறங்கும் நேரத்தின்) கடைசியில், மேற்பரப்பிலும் ஒரு மீட்டர் ஆழத்திலும், வெந்நீர் எட்டாத ஓரிடத்தோடு ஒப்பிட்டு. மதிய அளவில் வெயிலின் சூடும் கலந்துவிடும்.

பழைய அலகுகளுக்கும் டவர் கட்டுவதே சரி. ஆனால் கட்டும் நாளிலிருந்து முகத்துவாரத்தில் தூர்வாரவும் ஏற்பாடு வேண்டும். இப்போது அந்த வெந்நீரின் இழுப்பும் மணலை ஓரளவு தள்ளுகிறது. அது நின்றபின், வாசல் அடைபட்டால் மடவைக்கு நீர் குளிர்ந்தும் பயனில்லை.