காலியான பம்ப்பும் சத்தம் போடும்: சிம்பிகார்ட்டோடு ஏழு ஆண்டுகள்

எனக்கு ஆஸ்துமா, அதாவது இழுப்பு நோய், வந்தது ஒன்பது வயதில். நாற்பதை நெருங்கும் வரை என் கையில் இருந்தது, வாயில் அடித்து உள்ளே இழுக்கும் நீல நிற பம்ப் மட்டும்தான். கைப்பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. மூச்சு முட்டினால் இரண்டு அடி. சில நிமிடங்களில் நெஞ்சு திறந்துவிடும். அதனால் அதுதான் மருந்து என்று நம்பினேன். வழக்கமாகப் போகும் கிளினிக்கிலும் கேட்கும்போதெல்லாம் அதையே கொடுத்தார்கள். மாதத்துக்கு எத்தனை தீர்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

2018-ல் மலேசியாவின் பினாங்கில் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு வீடு மாறி, அரசாங்க சுகாதார கிளினிக்கில் பதிந்துகொண்டபோதுதான் ஒரு மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாசத்துக்கு ஒன்னு, சில மாசம் ரெண்டு" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு குப்பியில் 200 அடி இருக்கும். ஆண்டுக்கு மூன்று குப்பி தீர்ந்தாலே நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம் என்றார். நீல பம்ப் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. அடுத்த ஆண்டே, 2019-ல், ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டியும் பெரியவர்கள் நீல பம்ப்பை மட்டும் நம்பியிருப்பதை இனிப் பரிந்துரைக்க முடியாது என்று சொன்னது. அதைப் படித்தபோது, அத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வயிறு கலங்கியது.

அன்று எனக்குக் கிடைத்தது சிம்பிகார்ட் டர்புஹேலர், 160/4.5 (ஒரு முறை இழுத்தால் வரும் இரண்டு மருந்தின் மைக்ரோகிராம் அளவு). அடியில் சிவப்புத் திருகு கொண்ட வெள்ளைக் குழல். உள்ளே இரண்டு மருந்து: வீக்கத்தைக் குறைக்கும் பியூடிசோனைட் என்ற ஸ்டீராய்டு, குழாயைத் திறந்து ஏறத்தாழ 12 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும் ஃபார்மோடெரால். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. ஃபார்மோடெரால் சில நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்குவதால், இடையில் மூச்சு முட்டினாலும் இதையே ஒரு முறை இழுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கும் வரம்பு உண்டு. ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் கூடாது. ஒரு நாளில் எட்டைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு என்பதுதான் கடைசிக் கோடு.

முதல் வாரத்தில் ஏமாற்றம்தான். நீல பம்ப் அடித்தால் தொண்டையில் 'சில்' என்று படும். இதில் ருசியும் இல்லை, எதுவும் உள்ளே போன உணர்வும் இல்லை. கொஞ்சம் கைநடுக்கம் மட்டும் இருந்தது. தேத்தண்ணி கோப்பை சாசரில் தட்டும் அளவுக்கு. பத்து நாளில் அது போய்விட்டது. மூன்றாவது வாரம் ஒரு காலை விழித்தபோதுதான், முந்தின நாலைந்து இரவுகள் இருமி எழவே இல்லை என்பது புரிந்தது. இந்த மருந்து செய்யும் வேலை அப்படித்தான் தெரியும். நடக்காமல் போனவற்றில்.

இனி நான் செய்த பெரிய தவறு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் குழலில் 120 வேளை மருந்து. நாளுக்கு நான்கு என்றால் சரியாக 30 நாள். அதனால் சுவர் நாட்காட்டியைப் பார்த்தே அடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தேன். ஓராண்டுக்கு மேல் பிசகவில்லை. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பினாங்கு மலையே தெரியவில்லை. பள்ளிகளை மூடினார்கள். நான் முகக்கவரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மாலையில் நெஞ்சு இறுகும்போதெல்லாம் கூடுதலாக ஒன்று, இரண்டு என்று இழுத்தேன். அந்தக் கூடுதல் கணக்கு நாட்காட்டிக்குத் தெரியாது இல்லையா? சந்தேகம் வந்தபோது குழலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். 'சலசல' என்று சத்தம் கேட்டது. சரி, இன்னும் இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அது மருந்தின் சத்தமே இல்லை. ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே வைத்திருக்கும் பொருளின் சத்தம். மருந்து முழுக்கத் தீர்ந்த பிறகும் அது அப்படியேதான் சலசலக்கும். எட்டு நாளோ ஒன்பது நாளோ, காலையும் இரவும் வெறும் காற்றை இழுத்திருக்கிறேன். அதுவும் புகைமூட்டத்தின் நடுவில். ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். மருந்தை ஆவிபோல் ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர், அதன் பிறகு ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை.

அடுத்த வாரம் கிளினிக் மருந்தாளர், ஓர் இளம் மலாய்ப் பெண், குழலை என் கையில் கொடுத்து, "எப்படி இழுக்கிறீங்கன்னு காட்டுங்க காக்" என்றார். 'காக்' என்றால் மலாயில் அக்கா. காட்டினேன். குலுக்கினேன், சாய்த்துப் பிடித்துத் திருகினேன், வாயில் வைத்துக்கொண்டே மூச்சை வெளியே விட்டேன். மூன்றும் தவறு. இந்தக் குழலைக் குலுக்கத் தேவையே இல்லை. செங்குத்தாகப் பிடித்து, சிவப்புத் திருகைக் கடைசி வரை ஒரு பக்கம் திருப்பி, மறுபடி 'கிளிக்' கேட்கும் வரை திருப்ப வேண்டும். முகத்தைத் தள்ளிவைத்து மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும்; குழலுக்குள் ஊதினால் வாயின் ஈரம் பட்டு அந்த வேளை மருந்து வீணாகிவிடும். பிறகு உதட்டை நன்றாக மூடி, வேகமாகவும் ஆழமாகவும் ஓர் இழுப்பு. நீல பம்ப்புக்கு மெதுவாக இழுத்துப் பழகிய எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. இது தூள் மருந்து, தானாகப் பீய்ச்சாது. நம் மூச்சின் வேகம்தான் அதை நுரையீரல் வரை கொண்டுபோக வேண்டும்.

"எனக்கு எதுவுமே வர்ற மாதிரி தெரியலையே" என்றேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுக் கறுப்புத் துணியை எடுத்துக் குழலின் வாய்மேல் வைத்து, அதன் வழியாக இழுக்கச் சொன்னார். துணியில் மெல்லிய வெள்ளைத் தூள் படிந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய மருந்தை அன்றுதான் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. மீதி எத்தனை என்று அதில் எண் நகரும். கடைசிப் பத்துக்கு வந்ததும் பின்னணி சிவப்பாகும். 0 நடுவுக்கு வந்துவிட்டால் முடிந்தது. தெரியாமல் இரண்டு முறை திருகினால் இரட்டை மருந்து வராது, ஆனால் எண் இரண்டு குறைந்துவிடும். அந்த ஜன்னலை மட்டும் நம்புங்கள்.

தொண்டை விஷயம் ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிறவள் நான். தொடங்கிய நான்காவது மாதம் குரல் கரகரத்தது, நாக்கில் மாவு படிந்ததுபோல் வெள்ளைத் திட்டு. வாயில் தங்கும் ஸ்டீராய்டால் வரும் பூஞ்சை அது. வாய் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார்கள்; நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அதுவே போதும் என்று நினைத்தேன். கொப்பளித்து, தொண்டை வரை அலசி, துப்பிவிட வேண்டும். இப்போது பல் துலக்குவதற்கு முன்பு மருந்து. துலக்கும்போது எப்படியும் துப்பத்தானே வேண்டும்! பசியாற உட்காருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் குழலைக் குளியலறையில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரம் தூளுக்கு ஆகாது. தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். 30 பாகைக்கு மேல் சூடு ஆகாது என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவைப்பதில்லை.

"ஸ்டீராய்டு பழகிடும், விட்டுடு" என்று சொல்லாத சொந்தக்காரர்களே இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நாளுக்கு நான்கு முறை இழுத்தால் 640 மைக்ரோகிராம் பியூடிசோனைட். அவசரப் பிரிவுக்குப் பின் நான் விழுங்கிய பிரட்னிசொலோன் மாத்திரை நாளுக்கு 30 மில்லிகிராம், அதாவது 30,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று நுரையீரலுக்குப் போகிறது, மற்றது ரத்தம் வழியாக உடல் முழுக்கப் போகிறது. தினமும் சிறிது இழுத்தால் அந்த மாத்திரை தேவைப்படாது என்பதுதான் என் கணக்கு. அதிக அளவில் பல ஆண்டு எடுத்தால் எலும்பும் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதும் உண்மை. அதனால்தான் மூன்று மாதம் நோய் அடங்கியிருந்தால் மருத்துவரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். எனக்கு இப்போது காலை ஒன்று, இரவு ஒன்று. நானாகக் குறைத்த ஒரே முறை 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது. காற்று சுத்தமாக இருக்கிறதே என்று அடியோடு நிறுத்தினேன். ஒரு மாதத்துக்குள் இரவு இருமல் திரும்பிவிட்டது.

என் அக்கா வீட்டுக்காரர் ஊதா நிறக் குழல் பயன்படுத்துகிறார். நான் அவசரத்துக்கு என் குழலையே எடுப்பதைப் பார்த்து அவரும் அப்படிச் செய்யப் போனார். தடுத்தேன். அவருடையதில் இருப்பது சால்மெடெரால்; அது மெதுவாகத்தான் வேலை செய்யும். மூச்சு முட்டும்போது அவருக்கு நீல பம்ப்தான். எல்லாக் கூட்டு மருந்தும் ஒன்றல்ல. அதோடு, ரத்தக் கொதிப்புக்கோ கண் அழுத்தச் சொட்டுக்கோ வேறு மருத்துவரிடம் போனால் ஆஸ்துமா இருப்பதை முதலில் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்து, கண்ணில் விடும் சொட்டாக இருந்தாலும், மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுகிறேன். ஐந்நூறுக்கும் மேல் இருக்கும். கற்பூரப் புகை இருக்கும் பக்கம் நிற்காமல் நடந்துவிடுவேன். குழல் இடுப்புப் பையில். வீட்டில் சாம்பிராணி போடும் நேரம் அம்மாவே, "நீ வெளிய நில்லும்மா" என்று அனுப்பிவிடுவார்.

குழலைத் திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி ஒட்டுகிறேன். ஞாயிறு மாலை ஜன்னலில் எண்ணைப் பார்த்துச் சொல்வது மகளின் வேலை. போன வாரம், "அறுபதுக்குக் கொஞ்சம் மேலம்மா" என்றாள்.