உலர் கிரான்பெர்ரி: பல வருடங்கள் சாப்பிட்ட பிறகு

எங்கள் வீட்டு அலமாரியில் உலர் கிரான்பெர்ரி (வட அமெரிக்காவில் விளையும் சின்னச் சிவப்புப் பழம்) இடம்பிடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. சிறுநீர்ப் பாதைத் தொற்றால் நீர்க்கடுப்பு அடிக்கடி வந்து அவதிப்பட்ட காலத்தில், "தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடு, கிட்டவே வராது" என்று தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார். அப்படித்தான் தொடங்கினேன். இன்றும் சாப்பிடுகிறேன், ஆனால் மருந்து என்று நினைத்து அல்ல. அதே நம்பிக்கையில் வாங்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ருசி. கறுஞ்சிவப்பாகச் சுருங்கியிருக்கும், கையில் எடுத்தால் விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு. பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சூரியகாந்தி எண்ணெய் தடவுவார்கள். மெல்லும்போது முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் நெல்லிக்காய் தின்றதுபோல் லேசான துவர்ப்பு. எனக்கு மிகவும் பிடித்த ருசி.

ஆனால் அந்த இனிப்பு பழத்துடையது இல்லை. நான் இருப்பது கனடாவின் மாண்ட்ரியலில். அது இருக்கும் கியூபெக், கிரான்பெர்ரி பெருமளவில் விளையும் மாகாணம். இலையுதிர்காலத்தில் புதுப் பழம் கடைக்கு வரும். ஒன்றைக் கடித்துப் பார்த்தால் முகமே சுளித்துவிடும். 100 கிராம் புதுப் பழத்தில் சர்க்கரை சுமார் 4 கிராம்தான். உலர்ந்ததில் அது 70 கிராமைத் தாண்டுகிறது. நீர் வற்றியதால் மட்டும் இவ்வளவு ஏறாது. பழத்தை நறுக்கி, சாற்றைப் பெருமளவு எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத்தான் உலர்த்துகிறார்கள். உலர் திராட்சையிலும் சர்க்கரை அதிகம், ஆனால் அது திராட்சையின் சொந்தச் சர்க்கரை. வைட்டமின் சி-க்காக இதை வாங்குவதிலும் பயனில்லை: புதுப் பழத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் இருப்பது, உலர்ந்ததில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அதற்குக் கொய்யாப்பழம் எவ்வளவோ மேல்.

அடுத்த முறை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 40 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, சர்க்கரை 29 கிராம் அளவில் இருக்கும். கனடாவில் அட்டவணைக்குக் கீழேயே '15% அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த சதவீதம் ஒரு நாளைய அளவில் கணக்கிடுவது; இதில் சர்க்கரை 29%. சேர்த்த சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு கைப்பிடியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

சரி, நீர்க்கடுப்புக்குப் பலன் உண்டா? கிரான்பெர்ரிக்கு உண்டு. அதிலுள்ள ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின்கள் என்ற தாவரப் பொருட்கள், இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமி சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 50 ஆய்வுகளை வைத்து 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் 26% குறைந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் அப்படிப் பலன் தெரியவில்லை. முக்கியமான விஷயம், அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது சாறு, மாத்திரை, கேப்ஸ்யூல். 2020-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட, 'குறைந்த ஆதாரம் உண்டு' என்ற நிபந்தனையோடு சாற்றுக்கும் கேப்ஸ்யூலுக்கும்தான் இந்தப் பலனைச் சொல்லிக்கொள்ள அனுமதித்தது. உலர் பழத்தை அதில் சேர்க்கவில்லை.

எனக்குத் தொற்று வருவது நன்றாகக் குறைந்தது உண்மை. ஆனால் அதே சமயத்தில்தான் தண்ணீர் குடிப்பதையும் கூட்டினேன். குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த பெண்களைத் தினமும் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடிக்கவைத்தபோது தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே என் நன்றி தண்ணீருக்குத்தான். வந்துவிட்ட தொற்றை எந்தக் கிரான்பெர்ரியும் குணப்படுத்தாது. காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் தயவுசெய்து அன்றே டாக்டரைப் பாருங்கள். வார்ஃபரின் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் மூவரும் டாக்டரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

இப்போது நான் எடுப்பது ஒரு மேசைக்கரண்டி. காலை ஓட்ஸ் கஞ்சியில், இல்லாவிட்டால் மாதுளைக்குப் பதிலாகத் தயிர்ச்சாதத்தில். தயிரின் புளிப்போடு அருமையாகச் சேர்கிறது. வெறுமனே கொறிப்பதில்லை, பல்லில் ஒட்டிக்கொள்ளும், அளவும் தெரியாது. புதுப் பழம் கிடைக்கும்போது வாங்கி ஃப்ரீசரில் போட்டுவைத்து, மிளகாய்த்தூளும் வெந்தயமும் சேர்த்துத் தொக்கு செய்கிறேன்.

ஆப்பிள் சாற்றால் இனிப்பூட்டிய வகையும் வாங்கிப் பார்த்தேன்: விலை கூடுதல், சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசமில்லை. சர்க்கரை குறைத்த வகையில் அந்த இடத்தை நிரப்பக் கரையும் சோள நார் சேர்க்கிறார்கள், சிலவற்றில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பும் உண்டு. அந்த வகையைச் சாப்பிட்டால் எனக்கு வயிறு உப்புகிறது. அதனால் சாதாரணப் பாக்கெட்டையே வாங்குகிறேன்.