மெஷினுக்குள்ளேயே விண்வெளி ஐஸ்: எஃப்டிஐஆரோடு நான்கு வருடம்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் நான்கு வருடமாக ஒரு எஃப்டிஐஆர் நிறமாலைமானி (ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) என் பொறுப்பில் இருக்கிறது. வெற்றிடக் கலத்துக்குள் 10 கெல்வினுக்குக் குளிர்ந்த ஜன்னலில் மெத்தனால், எத்தனால், தண்ணீர் ஆவியைப் படியவிட்டு, அந்த ஐஸ் எந்த அலைநீளத்தில் அகச்சிவப்பை விழுங்குகிறது என்று பதிவு செய்வேன். விண்மீன் பிறக்கும் மேகத்தில் தூசிமேல் உறைந்திருக்கும் ஐஸை அடையாளம் காண இந்த வரைபடங்கள்தான் துணை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் ஐஆர்ஏஎஸ் 2ஏ என்ற இளம் விண்மீனருகே எத்தனால் ஐஸ் இருப்பதாக 2024-இல் சொன்னதும், 7.2 மைக்ரான் பக்கம் தெரிந்த வரிகளை ஆய்வக அளவீடுகளோடு பொருத்திப் பார்த்துத்தான்.

சரி, கருவிக்கு வருவோம். அளவீட்டில் குறையே இல்லை. தொல்லையெல்லாம் ஈரத்தால். ஒளியைப் பிரிக்கும் தகடு பொட்டாசியம் புரோமைடு. மழைக்காலத்தில் ஏமாந்தால் உப்பு ஜாடி மாதிரி நீர்த்துவிடும். அதனால் உள்சூட்டில் ஈரம் தங்காமலிருக்க மெஷினை அணைப்பதே இல்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறிவிட்டதா என்று திங்கள்தோறும் பார்ப்பேன்.

மூன்றாம் வருடம்தான் வேடிக்கை. சுத்த மெத்தனாலின் வரைபடத்தில் 3 மைக்ரான் பக்கம் தண்ணீர் ஐஸின் அகலமான பட்டை கொஞ்சம் கொஞ்சமாக முளைத்தது. கலத்தில் கசிவு என்று நினைத்து இரண்டு வாரம் எல்லா இணைப்பையும் இறுக்கினேன். அப்புறம் ஒருநாள் ஜன்னலை 200 கெல்வினுக்குச் சூடாக்கினேன். மெத்தனால் பறந்துபோனது, தண்ணீர்ப் பட்டை மட்டும் அசையவில்லை. அந்த வெற்றிடத்தில் அவ்வளவு சூட்டில் எந்த ஐஸ் நிற்கும்?

அகச்சிவப்பை உணரும் எம்சிடி டிடெக்டரைத் திரவ நைட்ரஜன் ஊற்றி 77 கெல்வினில் வைப்போம். அதன் குடுவையில் வெற்றிடம் தளர்ந்து, புகுந்த ஈரம் டிடெக்டர்மேலேயே உறைந்திருக்கிறது! காலையில் மாதிரி எதுவும் படியவிடாமல் எடுத்த பின்னணி அளவீட்டைக் கழித்தாலும், பகலில் வளர்ந்த ஐஸ் மிஞ்சி நின்றது. விண்வெளியில் தேடும் அதே பட்டை, எங்கள் மெஷினுக்குள்ளேயே.

"அக்கா, இப்பல்லாம் நைட்ரஜன் சீக்கிரமே காலியாகுதே" என்று சிலிண்டர் கொண்டுவரும் ஓசூர்த் தம்பி இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தான். வெற்றிடம் போனால் குடுவையில் குளிர் நிற்காது, நைட்ரஜன் சீக்கிரம் ஆவியாகிவிடும். நான்தான் காதில் வாங்கவில்லை.

குடுவையை மறுபடி பம்ப் போட்டு இழுத்ததும் பட்டை மறைந்தது. இப்போது மதியம் ஒரு பின்னணி கட்டாயம் எடுக்கிறேன். மறுபடி வாங்கச் சொன்னாலும் இதையேதான் வாங்குவேன். ஈரத்துக்கு அசையாத ஜிங்க் செலினைடு தகடும், குடுவைக்கென்று தனி பம்ப்பும் முதல் ஆர்டரிலேயே சேர்த்து.