மின்சார சைக்கிளில் ஒரே நாளில் 120 கிலோமீட்டர்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் கற்றது

மூன்று ஆண்டுகளில் 11,400 கிலோமீட்டர் ஓட்டிய என் மின்சார சைக்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்தத் தூரத்தின் பெரும்பகுதியை ஒரே பத்தியில் சொல்லிவிட முடிகிறது. வேலைக்குப் போக 8 கிலோமீட்டர், திரும்ப 8 கிலோமீட்டர். பின்சக்கரத்தின் மையத்திலேயே அமைந்த 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் 14 ஆம்பியர்-மணி பேட்டரி, 26 கிலோ எடை. இரண்டு செயின், நான்கு ஜோடி பிரேக் கட்டை, பின்டயர் இரண்டு, முன்டயர் ஒன்று மாற்றியிருக்கிறேன். மோட்டார் ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. அன்றாடப் போக்குவரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் ஓட்டியதில்லை என்பதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

நான் விரிவாக எழுத விரும்புவது ஒரே ஒரு நாளைப் பற்றி. வாங்கிய இரண்டாம் ஆண்டில், மலைச்சரிவு ஒன்றைக் கடந்து 120 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று புறப்பட்டேன். இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதியை அந்த நாள்தான் கற்றுத் தந்தது.

திட்டம் எளிமையானது. இரண்டு நாள் ஓட்டத்தில், அதாவது 32 கிலோமீட்டரில், பேட்டரி பாதியாகும், உடனே சொருகிவிடுவேன், நான்கு மணி நேரத்தில் பச்சை விளக்கு எரியும். ஆகவே முழு பேட்டரிக்கு 64 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, 62ஆவது கிலோமீட்டரில் இருந்த ஒரு தங்கும் விடுதியில் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்தேன். அங்கே நான்கு மணி நேரம் சார்ஜ் போட்டால் பேட்டரி மறுபடி நிறைந்துவிடும், மீதி 58 கிலோமீட்டரையும் அதே போல ஓட்டிவிடலாம் என்று நம்பினேன். இதில் இரண்டு பிழைகள் இருந்தன. 64 கிலோமீட்டர் என்பது சமதரையில், சுமையில்லாமல், சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டியதில் கிடைத்த எண். நான்கு மணி நேரம் என்பதோ பாதி பேட்டரியை நிரப்பப் பிடித்த நேரம். என் சார்ஜர் தருவது 2 ஆம்பியர். நான்கு மணி நேரத்தில் 8 ஆம்பியர்-மணிக்கு மேல் அதனால் தர முடியாது. 14ஐ நிரப்ப ஏழு மணி நேரமும், கடைசிக் கட்டத்தில் மின்னோட்டம் தானாகக் குறைவதால் அதற்கு மேலும் ஆகும். வகுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியக்கூடிய இந்தக் கணக்கை, பழகிய பச்சை விளக்கின் மேலிருந்த நம்பிக்கையால் நான் போடவே இல்லை.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டபோது பின்தாங்கியில் 12 கிலோ சுமை இருந்தது. சாலை திறந்தவெளிக்கு வந்ததும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. நான் மூன்றாம் உதவி நிலையில் (நிலை எண் கூடக் கூட மோட்டார் அதிகம் உதவும்) மணிக்கு 24 கிலோமீட்டர் என்ற வழக்கமான வேகத்தை விடாமல் பிடித்திருந்தேன். காற்றுத்தடை, காற்றோடு ஒப்பிட்ட நம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. எதிர்க்காற்று மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 24இல் போகிறவர் 36ஐ எதிர்கொள்கிறார். தடை இரண்டேகால் மடங்காகிறது. காலில் அது தெரிவதில்லை என்பதுதான் மின்சார சைக்கிளில் உள்ள சிக்கல். சாதாரண சைக்கிளாக இருந்தால் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே தொடை வலித்து வேகத்தைக் குறைத்திருப்பேன். இங்கே அந்த வலியை மோட்டார் வாங்கிக்கொண்டது. 38ஆவது கிலோமீட்டரில் நின்று மீட்டரைப் பார்த்தபோது, பேட்டரியில் மொத்தமுள்ள 504 வாட்-மணி மின்சாரத்தில் (36 வோல்ட் × 14 ஆம்பியர்-மணி) 410 போயிருந்தது. கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 11 வாட்-மணி. அன்றாட ஓட்டத்தில் எனக்கு ஆவது 8தான்.

அதன் பிறகு ஏற்றம்: 6 கிலோமீட்டர் தூரத்தில் 350 மீட்டர் உயரம். நானும் வண்டியும் சுமையுமாக 110 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 105 வாட்-மணி வேலை தேவை. அதில் பாதியை நானே மிதித்தாலும் மோட்டாரின் வீணடிப்பையும் சேர்த்தால் 70 வாட்-மணியாவது பேட்டரியிலிருந்து போகும். கையில் 94 இருக்கிறது, ஏறிவிடலாம் என்றே நினைத்தேன். ஏற்றத்தின் முதல் கிலோமீட்டர் முடியும் முன்பே மோட்டார் நின்றுவிட்டது.

அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. திரையில் பேட்டரியின் அளவைக் காட்டும் கட்டைகளில் இரண்டு இருந்தன; பெடலை அழுத்தியதும் இரண்டும் அணைந்து, விளிம்புக் கோடு மட்டும் துடித்தது; பாரம் முழுவதும் சட்டென்று முழங்காலில் இறங்கியது. காலை ஊன்றி நின்றேன். பத்து விநாடியில் கட்டைகள் இரண்டும் திரும்பி வந்தன. மறுபடி மிதித்தேன், மறுபடி அணைந்தன. பேட்டரி பழுதாகிவிட்டது என்றே முதலில் பயந்தேன். நடந்தது வேறு. முழுதாக நிறைந்தபோது 42 வோல்ட் காட்டும் இந்த பேட்டரி, அந்நேரம் ஓய்வில் 34 வோல்ட்டில் இருந்தது. ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது உள்தடையால், அதாவது பேட்டரிக்குள்ளேயே உள்ள மின்தடையால், வோல்ட் இன்னும் சரிகிறது. 31ஐத் தொட்டால், பேட்டரியைக் காப்பதற்காக மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் என் வண்டியின் கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும். மீதியிருந்த மின்சாரம் சமதரையில் மெதுவாகச் செலவிடுவதற்கு உதவும். மேட்டில் ஒரே மூச்சில் கேட்டால் கிடைக்காது. அடிவாரத்தில் 94 என்று மீட்டர் காட்டியது பொய்யில்லை, ஆனால் மலை ஏற அது பயன்படவில்லை.

மீதி ஐந்து கிலோமீட்டரையும் ஓரளவு தள்ளிக்கொண்டும், சரிவு குறைந்த இடங்களில் முதல் நிலையில் மிதித்துமாகக் கடந்தேன். கியர் உள்ள ஹப் மோட்டார் என்பதால் மின்சாரம் இல்லாதபோது சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. இது எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். ஆனால் அதே அமைப்பினால்தான் மறுபக்கம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து மின்சாரம் எதுவும் பேட்டரிக்குத் திரும்புவதில்லை. அந்த வசதி சக்கரத்தோடு நேரடியாக இணைந்த மோட்டார்களுக்கே உண்டு. அவற்றிலும் திரும்பக் கிடைப்பது சிறு பங்குதான்.

விடுதியில் நான்கு மணி நேரம். வெயிலில் ஓடி வந்த பேட்டரி கைக்குச் சூடாக இருந்ததால், சார்ஜில் போடும் முன் நிழலில் அரை மணி நேரம் ஆற வைத்தேன்; இதை எப்போதும் செய்வது நல்லது. புறப்பட்டபோது மீதி 58 கிலோமீட்டருக்குச் சேர்ந்திருந்தது ஏறத்தாழ 290 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 5. வேறு வழியில்லாததால் முதல் உதவி நிலை, மணிக்கு 17 கிலோமீட்டர். காற்றும் தணிந்திருந்தது. அடுத்த 35 கிலோமீட்டரில் செலவானது வெறும் 150. கிலோமீட்டருக்கு நாலேகாலுக்குச் சற்று அதிகம்! காலையில் 11 கேட்ட அதே வண்டி, அதே சுமை.

ஆனாலும் பயணம் முடியவில்லை. 97ஆவது கிலோமீட்டரில் பின்சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு ஸ்போக்குகள் முறிந்தன. சக்கரம் கோணி டயர் சட்டத்தில் உரசியது. ஹப் மோட்டாரின் எடையும் இழுவிசையும் பின்சக்கரத்தின் மேலேயே விழுகின்றன. அதன் மேல் 12 கிலோவைப் பின்தாங்கியில் ஏற்றியது தவறு. புறப்படும் முன் ஸ்போக்குகளின் இறுக்கத்தையும் நான் சோதிக்கவில்லை. விடுதியில் புறப்பட்டபோது இருந்த மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி மீதம் இருக்க, ஒரு சரக்கு வண்டியில் சைக்கிளைப் படுக்கவைத்து வீடு திரும்பினேன். கைச் சுண்டுவிரல்கள் இரண்டும் மரத்துப்போனது நீங்க மூன்று நாள் ஆனது.

எட்டு மாதம் கழித்து அதே பாதையில் மீண்டும் போனேன். பின்சக்கரத்துக்குத் தடிமனான ஸ்போக்குகள் போட்டு, சுமையை 5 கிலோவாகக் குறைத்து, அதில் கனமானதை முன்பக்கம் மாற்றியிருந்தேன். பேட்டரி அனுமதிக்கும் அளவு எது என்று உறுதி செய்துகொண்டு 4 ஆம்பியர் சார்ஜர் வாங்கினேன். புறப்பட்ட முதல் மிதியிலிருந்தே 18 கிலோமீட்டர் வேகம், முதல் நிலை. அன்று எதிர்க்காற்று முன்பைவிடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். 38ஆவது கிலோமீட்டரில் செலவு 210 வாட்-மணி. ஏற்றத்தில் இரண்டாம் நிலை, மிகச் சிறிய கியர். மோட்டார் ஒரு முறைகூட நிற்கவில்லை. மூன்று மணி நேரச் சார்ஜுக்குப் பிறகு மாலை இருட்டுவதற்குள் 120ஆவது கிலோமீட்டரைத் தொட்டேன்.

இப்போது பேட்டரிக்கு வயதாகிறது. முழுதாக வடிந்த நிலையிலிருந்து நிரப்ப, சுவரில் சொருகிய மீட்டர் புதிதில் 590 வாட்-மணி காட்டியது. சென்ற வாரம் 515. உள்ளே தங்குவது 440 அளவில் இருக்கும் என்று கணிக்கிறேன். உள்தடையும் கூடியிருப்பதால், சிறிய மேம்பாலத்தில்கூட ஒரு கட்டை இறங்கி ஏறுகிறது. அந்தப் பாதைக்கு அடுத்த முறை போகும்போது 62ஆவது கிலோமீட்டர் வரை காத்திருக்கப் போவதில்லை. அடிவாரத்திலேயே ஒரு மணி நேரம் சொருகிவிட்டு ஏறுவதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.