பினாங்கிலிருந்து நியூ ஜெர்சிக்கு: அம்மாவை எந்த விமானத்தில், எந்த வகுப்பில் அழைத்துப் போவது?

பினாங்கிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. கோலாலம்பூரிலிருந்தும் இல்லை. மலேசியா ஏர்லைன்ஸ் ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோம் வழியாக நியூவார்க்குக்கும், தோக்கியோ வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்கும் பறந்தது. முதலாவது 2009இல் நின்றது, இரண்டாவது 2014இல். இன்று மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் அமெரிக்கா கிளம்பும் நம் பெரியவர்கள் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூரா, ஹாங்காங்கா, துபாயா, தோஹாவா, இஸ்தான்புல்லா? அது முடிவானதும், எந்த வகுப்பு?

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது. அக்கா நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறார். அம்மாவுக்கு 74 வயது. நன்றாக நடப்பார், ஆனால் முட்டி வலி உண்டு, சர்க்கரை உண்டு, சுத்த சைவம். துணைக்கு நான் போகிறேன். சிங்கப்பூரிலிருந்து நியூவார்க்குக்கு ஒரே மூச்சில் போகும் விமானத்தைச் சொன்னதும் பட்டர்வொர்த்திலிருக்கும் அண்ணன் கேட்டார்: “பத்தொன்பது மணி நேரம் அம்மா எப்படிம்மா உட்காருவாங்க? துபாய்ல இறங்கிக் கொஞ்சம் காலாற நடந்துட்டுப் போங்களேன்.”

நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. இரட்டித்த பிறகும் ஆரோக்கியமான ஒருவருக்கு அது 6,000இல் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. வயதும் உடல்பருமனும் அதைக் கூட்டும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது அந்த நான்கு மணி நேரம் என்ற எல்லையை. துபாயில் இறங்கினாலும் அங்கிருந்து நியூயார்க் 14 மணி நேரம். ஹாங்காங்கில் இறங்கினால் அதற்கப்புறம் 16 மணி நேரம் வரை. எந்த வழியில் போனாலும் ஒரு நெடும் பகுதி இருந்தே தீரும். நடுவில் ஓர் ஊரில் இறங்குவது அந்தப் பகுதியை நான்கு மணி நேரத்துக்குள் சுருக்குவதில்லை, முன்னால் இன்னொரு விமானத்தைத்தான் சேர்க்கிறது. விமானத்துக்குள் மணிக்கொரு தரம் எழுந்து நடப்பதும், மருத்துவரிடம் கேட்டு இறுக்கமான காலுறை போடுவதும்தான் காலைக் காப்பாற்றும்.

அதனால் நான் மணிக்கணக்கைப் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா எத்தனை முறை பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும், எத்தனை முறை விமானம் மாற வேண்டும், தூங்க வேண்டிய நேரத்தில் எழுப்பப்படுவாரா என்பதைத்தான் பார்த்தேன்.

சிங்கப்பூர் வழி

பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஏறினால் சிங்கப்பூர் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவார்க்குக்கும், நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் நேராகப் பறக்கிறது. ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். உலகின் மிக நீளமான பயணிகள் விமானச் சேவை இதுதான். இந்தத் தடத்துக்காகவே ஏர்பஸ் ஏ350-900 விமானத்தில் தனி வகை ஒன்று செய்தார்கள். வழக்கமான 1,41,000 லிட்டருக்குப் பதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இதே தடத்தில் 2004இலிருந்து 2013 வரை நான்கு இன்ஜின் ஏ340-500 பறந்தது; எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்தி, 2018இல் இரண்டு இன்ஜின் ஏ350ஐக் கொண்டு மறுபடி தொடங்கினார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், இதில் எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் 67, அதற்கும் எகானமிக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 பேர்தான். இதுவே அம்மா போன்றவர்களுக்குப் பெரிய நன்மை என்று நினைக்கிறேன். அதே அளவு விமானத்தை மற்ற நிறுவனங்கள் முந்நூறு பேரை ஒட்டி நிரப்புகின்றன. ஆட்கள் குறைந்தால் கழிவறை வாசலில் காத்திருப்பது குறையும், நடைபாதையில் நடக்க இடம் கிடைக்கும். சர்க்கரை உள்ளவருக்குக் கழிவறை வரிசை சின்ன விஷயமில்லை.

பிரீமியம் எகானமியில் ஒரு வரிசைக்கு 2-4-2 என்று எட்டுப் பேர். முன் இருக்கைக்கும் நம் இருக்கைக்கும் இடையே 38 அங்குலம்; சாதாரண எகானமியில் 31, 32. ஆறு அங்குலம் என்று கேட்க அற்பமாக இருக்கலாம். முட்டியை மடக்கியே வைக்க முடியாதவருக்கு அந்த ஆறு அங்குலம்தான் எல்லாமே. விமானத்தின் வால் பக்கம் ஒடுங்கும் இடத்தில், கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னல் ஓரம் ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன. தனியாகப் போகும் பெரியவர்களுக்கு அதைப் பிடித்துக் கொடுங்கள். யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். இருவராகப் போனால் ஓரத்து ஜோடி இருக்கை, நடைபாதைப் பக்கம் பெரியவருக்கு.

அப்புறம் நேரம். நியூவார்க் விமானம் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, அமெரிக்காவில் விடியற்காலையில் இறங்குகிறது. மாலையில் பினாங்கில் ஏறினால் போதும், எடிசனில் காலைக் காப்பி குடிக்கலாம். நியூவார்க் விமான நிலையம் நியூ ஜெர்சியிலேயே இருக்கிறது, அக்கா காரில் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். ஜேஎஃப்கேயில் இறங்கினால் நியூயார்க் நகரத்து நெரிசலைக் கடக்க வேண்டும். அவ்வளவு தூரம் பறந்து வந்தவரை இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் உட்கார வைப்பது கொடுமை. விமான நிறுவனங்களை ஒப்பிடும்போது இறங்கும் இடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும்.

குறை என்றால் விலை. பிரீமியம் எகானமி பெரும்பாலும் மற்றவர்களின் எகானமி விலையைப் போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரும். சிங்கப்பூரிலிருந்து இவர்களின் எகானமியில்தான் போக வேண்டுமென்றால் ஃபிராங்ஃபர்ட்டில் நின்று ஜேஎஃப்கே போகும் விமானம் உண்டு. முட்டி வலிக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஹாங்காங் வழி

கத்தே பசிபிக் பினாங்குக்கே வருகிறது. நான்கு மணி நேரத்துக்குள் ஹாங்காங், அங்கிருந்து ஜேஎஃப்கே. கேஎல் (கோலாலம்பூர்) போய் மாற வேண்டிய தேவையே இல்லை, எகானமியும் உண்டு. சிங்கப்பூர் வழிக்கு உண்மையான போட்டி என்றால் இதுதான். டிக்கெட் எடுக்கும்போது விமான வகையை மட்டும் பாருங்கள். ஏ350-1000 என்றால் எகானமியில் 3-3-3, போயிங் 777 என்றால் 3-4-3. பத்துப் பேரை ஒரு வரிசையில் அடைத்தால் தோளோடு தோள் உரசும். ஏ350க்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். 777இல் அது 8,000 அடி வரை போகும். தலைவலியும் அசதியும் குறைய ஏ350இன் அந்தக் குறைந்த உயரம் உதவும். அண்ணன் குடும்பம் அடுத்த வருடம் பிள்ளைகளோடு போகும்போது நான் கைகாட்டப்போவது இந்த வழியைத்தான். நான்கு டிக்கெட்டுக்குப் பிரீமியம் விலை கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு எகானமி போதும்.

வளைகுடா வழி

அண்ணன் சொன்னது இதைத்தான், நம் ஊரில் பெரும்பாலோர் முதலில் நினைப்பதும் இதைத்தான். எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டுமே கோலாலம்பூரிலிருந்து கிளம்புகின்றன. ஆக, பினாங்குக்காரருக்கு இது மூன்று விமானம்: கேஎல் வரை ஒன்று, வளைகுடாவுக்கு ஏழு மணி நேரம் ஒன்று, நியூயார்க்குக்கு 14 மணி நேரம் ஒன்று. நடு இரவிலோ விடியற்காலையிலோ தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு மாற வேண்டியும் வரலாம். கேஎல்காரர்களுக்கு ஒரு விமானம் குறைகிறது, அவர்கள் கணக்கு வேறு.

எகானமியில் எமிரேட்ஸின் ஏ380 நல்ல விமானம். வரிசைக்குப் பத்துப் பேர்தான், ஆனால் உடம்பு அகலமானதால் இருக்கை 777ஐவிடத் தாராளம், சத்தமும் குறைவு. துபாயிலிருந்து ஜேஎஃப்கே பகுதியில் அது கிடைக்கும். அவர்களுடைய பிரீமியம் எகானமி 19.5 அங்குல அகலம், 40 அங்குல இடைவெளி; இந்த வகுப்பில் நான் ஒப்பிட்டவற்றில் இதுவே சிறந்தது. எல்லா விமானத்திலும் அது கிடையாது என்பதால் டிக்கெட்டுக்கு முன் இருக்கைப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிசினஸ் என்றால் கத்தார்தான் முன்னால் நிற்கிறது. 2017இல் அறிமுகமான அவர்களின் ‘கியூசூட்’ என்ற பிசினஸ் இருக்கைக்குக் கதவு இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் இருக்கை படுக்கையாகிவிடும், நடு வரிசையில் இரண்டு படுக்கைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிசினஸ் அகலத்தில் பெரியதுதான், ஆனால் அந்த நீண்டதூர விமானத்தில் இருக்கையை எழுந்து நின்று முன்னால் கவிழ்த்துத்தான் படுக்கையாக்க வேண்டும், படுப்பதும் சற்றுக் குறுக்காகத்தான். பணிப்பெண்கள் செய்து தருவார்கள். இரவில் மூன்று முறை எழும் ஒருவர் ஒவ்வொரு முறையும் கூப்பிடத் தயங்குவார். எமிரேட்ஸில் கேஎல் வரும் 777, புதுப்பிக்கப்படாததாக இருந்தால் பிசினஸிலேயே 2-3-2 தான், நடுவில் மாட்டிக்கொள்ளும் இருக்கை உண்டு. அந்தப் பணத்துக்கு அது தகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் 23ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. பறந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. வயதானவரோடு போகிறவர், அந்த வட்டாரத்தின் அன்றைய நிலையைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

இஸ்தான்புல், தோக்கியோ

டர்கிஷ் ஏர்லைன்ஸ் கேஎல்லிலிருந்து இஸ்தான்புல் பதினோரு மணி நேரத்தை ஒட்டி, அங்கிருந்து நியூவார்க் இன்னும் அதே அளவு. ஏறக்குறைய சரிபாதி. நேரான விமானத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு, வளைகுடாவைவிட இந்தப் பிரிப்பு நியாயமானது, எடிசனுக்கும் பக்கம். மொத்த நேரம் கூடுகிறது, பிரீமியம் எகானமி கிடையாது. ஜப்பான் ஏர்லைன்ஸ், கேஎல்லுக்கு வரும் போயிங் 787இல் எகானமியை மற்றவர்கள் போல் ஒன்பது பேராக்காமல் 2-4-2 என்று எட்டுப் பேராகவே வைத்திருக்கிறது. எகானமிதான் என்று முடிவாகிவிட்டால் அதையும் பாருங்கள்.

வகுப்புக்குக் கொடுக்கும் பணம்

பிசினஸ் டிக்கெட் பெரும்பாலும் எகானமியைப் போல் மூன்று நான்கு மடங்கு. அதைப் பயணம் முழுக்கக் கொடுக்க வேண்டியதில்லை. பினாங்கு சிங்கப்பூர் ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த வகுப்பானால் என்ன? பணம் அந்த ஒரு நெடும் இரவுக்குத்தான் போக வேண்டும். பகுதிக்கொரு வகுப்பாக டிக்கெட் போட முடியும், முகவரிடம் கேளுங்கள். நேராகப் படுத்தே ஆக வேண்டிய இடுப்பு, முதுகுப் பிரச்சினை உள்ளவருக்கு பிரீமியம் எகானமி தீர்வாகாது. அது அகலமான நாற்காலி, படுக்கை இல்லை. அவருக்குக் கேஎல் போய் கத்தார் பிசினஸ் எடுப்பதே சரி, மூன்று விமானமானாலும். அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் சிங்கப்பூர் வழி, நியூவார்க், பிரீமியம் எகானமி என்று முடிவு செய்தேன். மிச்சப் பணத்தில் அக்கா வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று அண்ணனும் சரி சொல்லிவிட்டார்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ‘இந்து உணவு’ என்று பதிவு செய்தால் கோழியோ ஆடோ மீனோ வரும். மாட்டிறைச்சிதான் இருக்காது. சைவர்களுக்கு வேண்டியது ‘ஏவிஎம்எல்’ என்ற குறியீட்டில் வரும் ஆசிய சைவ உணவு. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையையும் சிறு தீனியையும் கைப்பையில் வைக்கட்டும். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கடிகார முள்ளை அசைக்காமலே பகல் இரவாகிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் நேர அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

கடைசியாக, எந்த வழியானாலும் பினாங்கிலிருந்து போய்ச் சேரும் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். சிங்கப்பூர் வரை மலிவு விமானத்தில் தனியாக எடுத்து, அது தாமதமானால் அடுத்த விமானம் காத்திருக்காது. அதற்கான பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே டிக்கெட்டில் பெட்டி நேராக நியூவார்க் போகும், தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் கடமை. பினாங்கில் தொடங்கும் டிக்கெட், சிங்கப்பூரில் தொடங்குவதைவிடக் குறைந்த விலைக்கே பல சமயம் கிடைக்கிறது. சக்கர நாற்காலியையும் அப்போதே கேட்டு வையுங்கள், நடக்கிறவரானாலும் சரி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வாயிலுக்கு வாயில் நடை நீளம், நியூவார்க்கில் குடிநுழைவு வரிசை நீளம்.