வராத பூவுக்கு 15 ரூபாய்

தோவாளைச் சந்தையில் பூ எடுத்துக் கேரளத்துக்கு அனுப்பும் என் சித்தப்பாவுக்கு நான்தான் கணக்குப்பிள்ளை. அன்றன்றைய விலையைப் பாண்டாஸில் (பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் நிரல் தொகுப்பு) ஏற்றி, கிலோவுக்கு 15 ரூபாய் வண்டிச் செலவைக் கூட்ட வேண்டும். பிச்சி, மல்லி, அரளி எதுவானாலும் அதே 15. இந்தச் சின்ன வேலைக்குப் பாண்டாஸில் ஏகப்பட்ட வழி.

இட்டர்ரோஸ் வைத்து வரி வரியாகப் போவதை முதலிலேயே தள்ளிவிடலாம். மெதுவானது; அதோடு கைக்கு வரும் வரி பெரும்பாலும் நகல்தான், அதில் கூட்டினால் அட்டவணை அசையாது. லேம்ப்டா என்கிற பெயரில்லாக் குட்டி ஃபங்ஷனை எழுதி அப்ளையிடம் கொடுத்தாலும் சரியான விடை வரும். ஆனால் ஒவ்வொரு விலைக்கும் ஒரு முறை ஃபங்ஷனைக் கூப்பிடும். வெறும் கூட்டலுக்கு அது எதற்கு?

உண்மையான போட்டி கூட்டல் குறிக்கும் (+), அதே வேலையைச் செய்யும் ஆட் (add) மெத்தடுக்கும்தான். இரண்டுமே முழு நெடுவரிசையையும் ஒரே மூச்சில் கூட்டிவிடும். வித்தியாசம் வெற்றுக் கட்டத்தில் தெரியும். மழையில் பிச்சி வராத நாளில் விலை இருக்காது, நேன் (NaN, மதிப்பு இல்லை என்பதற்கான குறி) என்று நிற்கும். கூட்டல் குறி போட்டால் நேன் நேனாகவே இருக்கும். ஆட்டிலும் அப்படித்தான், ஆனால் அதில் ஃபில் வேல்யூவுக்கு, அதாவது காலிக் கட்டத்துக்கு மாற்றாக வைக்கும் எண்ணுக்கு, 0 கொடுத்தால் வெற்றிடம் 0 ஆகி, 15 சேர்ந்துவிடும். கட்டம் காலியாக இருக்கிறதே என்று நானும் அதைச் செய்தேன். தாளைப் பார்த்த சித்தப்பா, "மக்கா, வராத பூவுக்கு எதுக்குலே 15 ரூவா?" என்றார்.

காலி என்றால் பூஜ்யம்தான் என்கிற இடத்தில், உதாரணமாகத் திரும்பி வந்த கூடைகளின் எண்ணிக்கையில், ஃபில் வேல்யூ சரி. விலைக்கு ஆகாது. என் ஓட்டு கூட்டல் குறிக்கு.

அதிலும் ஒரு வினை உண்டு. கூட்டல்-சமக்குறி (+=) போட்டு அதே நெடுவரிசையில் எழுதினால், நிரலைத் துண்டு துண்டாக ஓட்டும் ஜூபிட்டரில் அந்தத் துண்டை (செல்லை) தவறி இன்னொரு முறை ஓட்டும்போது 15 என்பது 30 ஆகிவிடும். ஓணம் நேரத்தில் எனக்கு அப்படி ஆனது. விலை எப்படியும் ஏறியிருந்ததால் கண்ணில் படவே இல்லை. இப்போது சந்தை விலையைத் தொடுவதில்லை. கூட்டியதை 'அடக்க விலை' என்று புது நெடுவரிசையில் போடுகிறேன். எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான்.

அப்புறம், அரளிக்கு மட்டும் கூட்ட வேண்டுமானால் லாக் (loc) போடுங்கள்; எந்த வரி, எந்த நெடுவரிசை என்பதை அதில் ஒரே சதுர அடைப்பில் சொல்லிவிடலாம். அரளி வரிகளை ஒரு அடைப்பில் வடிகட்டி, அடுத்த அடைப்பில் விலையைப் பிடித்துக் கூட்டினால் பாண்டாஸின் பழைய பதிப்பு எச்சரிக்கை கொடுக்கும். 3ஆம் பதிப்பில் மூல அட்டவணை மாறவே மாறாது.