பழைய முதிரை மேசையைத் திருத்தித் தந்த கல்லடிப் பட்டறை

பழைய மரத் தளபாடம் ஒன்றைத் திருத்தக் கொடுத்தால், மட்டக்களப்பு நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இயந்திரத்தில் அரத்தாளைப் பூட்டி மேற்பரப்பு முழுவதையும் தேய்த்து, வெடிப்புகளில் பட்டி எனும் நிரப்புப் பசையை அடைத்து, சீலரும் மினுங்கும் லக்கரும் விசிறிக் கையில் கொடுத்துவிடுகின்றன. வீட்டில் வந்து இறங்கும்போது அது அன்றுதான் கடையில் வாங்கியது போலத் தெரியும். அடுத்த கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் முன்பு வெடித்த இடத்திலேயே மீண்டும் வெடிக்கும். கல்லடியில் ஓர் ஒழுங்கைக்குள், பெயர்ப்பலகைகூட இல்லாமல், ஓர் ஓடாவியாரும் (தச்சர்) அவருடைய மகனும் நடத்தும் சிறிய பட்டறை எங்கள் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையை அவ்வாறு திருத்தவில்லை. அவர்கள் செய்த வேலையையும், செய்யாமல் விட்ட வேலையையும், எனக்குப் பிடிக்காமற்போன சிலவற்றையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

மேசை அம்மப்பா செய்வித்தது. எட்டுப் பேர் தாராளமாக அமரலாம். பலகையும் கால்களும் முழுக்க முதிரை. ஒல்லாந்தர் காலத் தளபாடங்களில் கருங்காலியோடும் நெடுனோடும் சேர்த்துப் பேசப்படும் அதே மரம்தான் என்றாலும், எங்களுடையது அத்தனை பழையதுமல்ல, அத்தனை வேலைப்பாடுடையதுமல்ல. கடைந்த கால்களும் சாதாரணச் சட்டமும் கொண்ட வீட்டு மேசை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை போன வீட்டுக்குள் மழையில் கிடந்த பிறகு அதன் துயரம் தொடங்கியது. ஈரத்தில் ஊறிய கால்களின் கறையை மறைக்க யாரோ பச்சை எனாமல் பூசினார்கள். இளகிப்போன பலகையைச் சட்டத்தோடு சேர்த்து இரும்பாணிகளால் அறைந்தார்கள். அந்த ஆணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை படர்ந்திருந்தது; பலகையின் நடுவே, நீளவாக்கில், விரல் நுனி நுழையுமளவுக்கு ஒரு வெடிப்பும் விழுந்திருந்தது.

முதலில் நான் காட்டிய நகரத்துப் பட்டறையொன்றில் வெடிப்பைப் பார்த்தவுடன், பட்டி வைத்தால் தெரியாது என்றார்கள். கல்லடி ஓடாவியார் மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மேசையைக் கவிழ்க்கச் சொல்லி, ஆணிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, வெடிப்பைச் செய்தது இந்த ஆணிகள்தான் என்றார். அதற்கு அவர் சொன்ன விளக்கம் சரியானது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதில்லை, குறுக்குவாட்டில் அசையும். வாடையோடு மாரி மழை பெய்யும் மாதங்களில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பலகை அகலும். கச்சான் வீசும் மாதங்களில் உலர்ந்து சுருங்கும். ஒரு மீற்றர் அகலமான பலகையில் இந்த அசைவு சில மில்லிமீற்றர் வரை வரக்கூடும். சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கிய பலகைக்குச் சுருங்க இடமில்லாதபோது, அது தன் பலவீனமான இடத்தில் பிளந்துகொள்கிறது. காரணம் அப்படியே இருக்கப் பிளவை மட்டும் பட்டியால் அடைத்தால், அந்தப் பட்டியும் சேர்ந்து உதிரும்.

ஆகவே அவர் செய்த முதல் வேலை ஆணிகளைக் கழற்றியது. துருப்பிடித்த ஆணியைக் குறட்டால் இழுத்தால் பலகையின் முகம் பெயர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் அடிப்பக்கத்திலிருந்து தள்ளி வெளியேற்றினார்கள். வெடிப்பில் பட்டிக்குப் பதிலாக, தன்னிடமிருந்த பழைய முதிரைத் துண்டொன்றிலிருந்து மெல்லிய சீவலொன்றை, அதன் இழை பலகையின் இழையோடு ஒரே திசையில் ஓடும்படி சீவியெடுத்து, பசையிட்டு இறுக்கி, காய்ந்தபின் மட்டமாக வெட்டினார். பலகையைச் சட்டத்தோடு மீண்டும் இணைக்க ஆணியோ மூலைத் தகடோ பயன்படுத்தவில்லை. சட்டத்தின் உட்புறத்தில் நீளப் பள்ளம் வெட்டித் தவாளித்து, அந்தத் தவாளிப்புக்குள் நாக்கு நுழையும் சிறிய மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பூட்டினார். பலகை அகன்றாலும் சுருங்கினாலும் அந்த நாக்குகள் உள்ளே வழுக்கிக்கொள்ளும். அவருடைய தொழிலறிவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு காரியத்துக்காகத்தான். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

கால்கள் சட்டத்தோடு சேரும் இடங்களில் கழுந்து, அதாவது துளைக்குள் நுழைந்து பூட்டும் மர முனை, ஆடிக்கொண்டிருந்தது. மகன் சுத்தியலை எடுத்தபோது தகப்பன் தடுத்துவிட்டார். "வச்சிரம் போட்ட மூட்டு மனே, அடிச்சா கழுந்து கிழியும், சுடுதண்ணி காட்டினா தானா விடும்" என்று சொல்லி, கொதிநீரில் நனைத்த துணியை மூட்டுகளில் சுற்றி வைத்தார். மிருகத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சும் வச்சிரம் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகக்கூடியது. பழைய தளபாடங்களைச் சேதமில்லாமல் பிரிக்க முடிவது அதனால்தான். இன்றைய வெள்ளைப் பசையிலோ எப்பொக்சியிலோ ஒட்டியிருந்தால் இந்த வழி இவ்வளவு எளிதாகப் பலித்திராது. ஒரு காலின் கழுந்தில் வைரமேறாத வெண்பகுதியில் உளு விழுந்து மாவாகியிருந்தது. அந்தப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, நல்ல கட்டை சேர்த்து, உளுவுக்கு மருந்தும் பூசினார்கள். காலையே மாற்றிவிடலாம் என்று வேறொருவர் சொல்லியிருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும்.

பச்சை எனாமலை நீக்கிய விதம் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் பூச்சுகளிலுள்ள ஈயத்தின் அளவுக்கான கட்டுப்பாடு 2013 ஆம் ஆண்டு முதல்தான் நடைமுறையிலுள்ளது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்த்துத் தூளாக்குவது, தேய்ப்பவருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. இங்கே பூச்சிளக்கியைத் தடவி, குமிழ்ந்து வந்ததைத் தகட்டால் வழித்தெடுத்துத் தாளில் சுற்றினார்கள். அது நன்று. ஆனால் பின்னர் முதிரையைச் சுரண்டும்போது இருவருமே முகக்கவசம் அணியவில்லை. முதிரைத் தூள் தோலில் சொறியை உண்டாக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மகனின் முன்கையில் அதன் அடையாளமும் இருந்தது.

மேற்பலகையை அவர்கள் இயந்திரத்தால் தேய்க்கவில்லை. முதிரையின் இழை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னியிருப்பதால், சீவுளி ஓடும்போது ஒரு பட்டையில் வழவழப்பாகவும் அடுத்த பட்டையில் பிய்ந்தும் வரும். எஃகுத் தகட்டின் விளிம்பைத் தீட்டிக் கையால் சுரண்டுவதே அதற்கு ஏற்ற வழி. அதையும் பூச்சு நீங்கும் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். புதிதாக அறுத்த முதிரை வெளிர்மஞ்சளாக இருக்கும். காற்றும் ஒளியும் பட்டுப் பல ஆண்டுகளில்தான் தேன் நிறத்துக்கு வரும். அந்த நிறம் மேற்பரப்பில் மிக மெல்லியதாகவே இருப்பதால், ஆழமாகத் தேய்த்தவுடன் போய்விடும்; பிறகு சாயம் பூசித்தான் அதைப் பொய்யாக வரவழைக்க வேண்டும். ஆணிக்கறையைக் கூட அவர்கள் ஒக்சாலிக் அமிலத்தால் வெளிறச் செய்தார்களே தவிர, முற்றாக அழிக்க முயலவில்லை. இன்றும் உற்றுப் பார்த்தால் மங்கலான வட்டங்கள் தெரியும். என் மாமிக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

பூச்சு விடயத்தில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. பலகையின் அடியில் மெதிலேற்றட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தபோது பழைய பூச்சு பிசுபிசுத்து ஒட்டியது. எனவே அது அரக்குப் பொலிஷ். லக்கராக இருந்தால் தின்னருக்குத்தான் இளகியிருக்கும். பொலியூரித்தேனாக இருந்தால் இரண்டுக்கும் அசையாது. துணிப் பொட்டணத்தால் மெல்லிய படலம் படலமாக ஏற்றும் அரக்குப் பொலிஷ் முதிரையின் பளபளப்பை வேறெதையும்விட அழகாக எடுத்துக்காட்டும், பிற்காலத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தவும் இடம் தரும். ஆனால் சூட்டுக்கும் நீருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது தாங்காது. தினமும் சோற்றுப் பானையும் ஆணக் கறிச் சட்டியும் வைக்கும் மேசைக்கு, குறிப்பாகக் கிருமிநீக்கித் திரவம் வீடுகளில் பழகிவிட்ட காலத்தில், அரக்கு மட்டும் போதாது என்று அவரே சொன்னார். கடைசியில் கால்களுக்கும் சட்டத்துக்கும் அரக்கு, மேற்பலகைக்கு மினுக்கம் குறைந்த எண்ணெய் வார்னிஷ் என்று முடிவுசெய்தோம். கண்ணாடி போல மினுங்கும் மேசை வேண்டுமென்பவர்களுக்கு இந்த முடிவு ஏமாற்றமாக இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். மழை விடாமல் பெய்த நாட்களிலும் அரக்கு ஏற்றியிருக்கிறார்கள். காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கி, ஒரு காலில் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. சுட்டிக்காட்டியதும் மறுப்பேதும் சொல்லாமல், கூலி கேட்காமல், வெயில் வந்தபின் ஸ்பிரிட்டால் இளக்கி மீண்டும் ஏற்றித் தந்தார்கள் என்றாலும், இத்தனை அனுபவமுள்ளவர்கள் அதைத் தவிர்த்திருக்கலாம். சொன்ன தவணை இருமுறை தள்ளிப்போனது. எழுத்தில் கணக்கு எதுவும் தருவதில்லை. வாய்ப்பேச்சில் சொன்ன தொகையைவிட இறுதியில் கேட்டது கூடுதல், அதற்குக் காரணம் உளு விழுந்த காலின் வேலை என்றார்கள். காரணம் நியாயமானதுதான், ஆனால் அந்த வேலையைத் தொடங்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால் எனக்குக் கசப்பு ஏற்பட்டிராது. மேசையை ஏற்றி இறக்கும் லொறிக்கும் ஆளுக்கும் நாங்களே ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது.

மொத்தச் செலவு, இதே அளவில் தேக்கு மேசை புதிதாகச் செய்விக்கக் கேட்கும் தொகையின் அரைவாசிக்குச் சற்றுக் குறைவு. துகள்பலகையில் செய்த மலிவான மேசையை வாங்கும் எண்ணத்தில் இருப்பவருக்கு இது அதிகம்; வைரமேறிய முதிரைப் பலகை இன்று எளிதில் கிடைக்காது என்பதை அறிந்தவருக்கு அதிகமில்லை. மூட்டு ஆடுகிற, பலகை வெடித்த, ஆனால் மரம் உறுதியாக இருக்கிற தளபாடம் உங்களிடம் இருந்தால் இந்தப் பட்டறைக்குத் தயங்காமல் கொண்டுபோகலாம். பூச்சு மட்டும் புதுப்பிக்க வேண்டுமானால் அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை. எதுவாயினும் மாரி தொடங்குமுன் கொடுங்கள். எந்தக் காலுக்கு என்ன வேலை, எந்தப் பகுதிக்கு என்ன பூச்சு, எவ்வளவு கூலி என்பதை ஒரு கொப்பித் தாளில் நீங்களே எழுதி, ஓடாவியாரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அதற்கு முகஞ்சுளிப்பவர் அல்லர்.